உப்பைக் குறைத்தேன், ஊறுகாய் கெட்டது!

என் வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு. "ஊறுகாய்ப் பக்கமே போகாதீர்கள்" என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. மனுஷருக்கோ ஊறுகாய் இல்லாவிட்டால் மோர்சாதம் தொண்டையில் இறங்காது. இந்த இழுபறியில் நான் திண்டாடிக்கொண்டிருந்த சமயம், என் சிநேகிதியின் பெண் கிரேக்க நாட்டிலிருந்து லீவுக்கு வந்தாள். தெசலோனிக்கி நகரத்தில் குடித்தனம் செய்பவள். "மாமி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒரு கண்ணாடிப் புட்டியை நீட்டினாள்.

உள்ளே முழு முழுக் குடமிளகாய்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், காரட், பூண்டு, செலரி இலை. பிரியாமல் இருக்க செலரித் தண்டாலேயே கட்டுப் போட்டிருந்தது. எண்ணெய் இல்லை, மிளகாய்ப் பொடி இல்லை, கடுகு பெருங்காயம் எதுவுமில்லை. வட்ட வட்டமாக அரிந்து தட்டில் வைத்தாள். ஒரு துண்டு வாயில் போட்டேன். நறுக்கென்று கடிபட்டது, சுள்ளென்று ஒரு புளிப்பு. 'அட, இதில் காரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. உப்பையும் குறைத்துவிட்டால் இவருக்குக் கொடுக்கலாமே' என்று தோன்றிவிட்டது.

இதற்கு அங்கே 'தூர்சி' என்று பெயர். துருக்கியில் 'துர்ஷு' என்பார்கள். பாரசீக மொழியில் 'தோர்ஷ்' என்றால் புளிப்பு; அதிலிருந்து வந்த சொல்தான் இரண்டும்.

கிரேக்க நாடு என்றதும் நமக்கு நீலக் கடலும் வெள்ளை வீடுகளும்தான் நினைவுக்கு வருகின்றன. வட பகுதியான மாசிடோனியா அப்படியல்ல. மலைப்பாங்கான இடம், குளிர்காலத்தில் பனி கொட்டும். அங்குள்ள ஃப்ளோரினா என்ற ஊர் நீளமான சிவப்புக் குடமிளகாய்க்குப் பேர் போனது. கோடை முடியும்போது மிளகாயும், பின்னாலேயே முட்டைக்கோஸும் வந்து குவியும். நாம் சித்திரை வெயிலை நம்பி வற்றலும் வடகமும் போடுகிறோம். அவர்களுக்குக் காய்கறி குவிகிற நேரத்தில் வெயில் குறைந்துவிடுகிறது. அதனால் உப்புத் தண்ணீரையும் வினிகரையும் நம்பினார்கள். பனிக்காலத்தில் வெள்ளை பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் வைத்தால் பக்கத்தில் தூர்சி. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் மாமிசம், முட்டை, பால் ஆகாது. அப்போதும் சாப்பாட்டுக்கு ருசி கொடுப்பது இதுதான்.

இந்த ஜாடிக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதையும் உண்டு. 1923-ல் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, மத அடிப்படையில் மக்களை மாற்றிக்கொண்டன. துருக்கியிலிருந்து சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் இந்த வட பகுதியில்தான் குடியேறினார்கள். கிரேக்கத்திலிருந்து மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். ஒப்பந்தத்துக்கு முந்தைய வருஷம் ஸ்மிர்னா நகரம் தீப்பற்றி எரிந்தபோதே, கட்டிய துணியோடு கப்பல் ஏறியவர்கள் எத்தனையோ பேர். வீடு போயிற்று, தோட்டம் போயிற்று. சமையல் பக்குவத்தை யார் பறிக்க முடியும்? தூர்சி அதற்கு முன்பே அந்தச் சீமையில் இருந்ததுதான்; வந்தவர்கள் தங்கள் கைப்பக்குவத்தையும் அதில் சேர்த்தார்கள். இன்றும் கிரேக்கம், துருக்கி, செர்பியா, எங்கே போனாலும் கோஸ் அடைத்த மிளகாய் ஊறுகாய் உண்டு. எல்லைக்கோடு போட்டவர்களால் ஊறுகாய் ஜாடியைப் பிரிக்க முடியவில்லை!

சரி, என் கதைக்கு வருகிறேன். அந்தப் பெண் சொன்ன கணக்குப்படி உப்புத் தண்ணீர் கரைத்தேன். கரைக்கும்போது கை சும்மா இருக்கவில்லை. 'அவருக்குத்தானே' என்று உப்பைப் பாதியாக்கிவிட்டேன். ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால், மேலே பஞ்சு மாதிரிப் பூசணம். மிளகாய் கொழகொழவென்று கையோடு வந்தது. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று.

போனில் அவளிடம் அழாத குறையாகச் சொன்னேன். "மாமி, உப்பு அங்கே ருசிக்கு மட்டுமில்லை, காவலுக்கு" என்றாள். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நம் தயிரையும் இட்லி மாவையும் புளிக்க வைக்கும் அதே வகை நுண்ணுயிர்கள்தான் உப்புத் தண்ணீரில் காய்கறியைப் புளிக்க வைக்கின்றன. போதிய புளிப்பு ஏறும் வரை, கெடுக்கிற கிருமிகளைத் தடுத்து நிறுத்துவது உப்பு. அதைக் குறைத்தால் காவல்காரனைத் தூங்க வைத்த மாதிரி. நம் ஊர்ச் சூட்டில் புளிப்பும் சட்டென்று ஏறிக் காய் குழைந்துவிடும். அதனால் நமக்கு வினிகர் முறைதான் தோது. இரண்டாம் முறை நான் செய்த பக்குவம் இதோ:

தேவை: பஜ்ஜி மிளகாய் அல்லது சின்னக் குடமிளகாய் 12, முட்டைக்கோஸ் கால் கிலோ, காரட் 2, பூண்டு 6 பல், செலரி ஒரு கட்டு, 5 சதவீத அமிலம் என்று புட்டியில் அச்சிட்ட வினிகர் அரை லிட்டர், தண்ணீர் அரை லிட்டர், உப்பு 50 கிராம், கோஸில் பிசற இன்னும் 2 டீஸ்பூன் உப்பு.

கோஸையும் காரட்டையும் மெல்லியதாக நறுக்கி, 2 டீஸ்பூன் உப்புப் பிசறி அரை மணி கழித்து நன்றாகப் பிழியுங்கள். பூண்டையும் செலரி இலையையும் பொடியாக நறுக்கிச் சேருங்கள். மிளகாயை ஒரு பக்கம் கீறி விதையை எடுத்து, கொதிக்கும் நீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து ஆற வையுங்கள். பூரணத்தை அடைத்து, வெந்நீரில் வாட்டிய செலரித் தண்டாலோ நூலாலோ கட்டுங்கள். கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடி ஜாடியில் அடுக்குங்கள். வினிகர், தண்ணீர், 50 கிராம் உப்பு மூன்றையும் சேர்த்துக் கொதிக்க வைத்து ஆற்றி, காய் முழுக்க மூழ்கும்படி ஊற்றுங்கள். மேலே மிதந்தால் அங்கேதான் பூசணம் பிடிக்கும். ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து அழுத்துங்கள். ஃப்ரிஜ்ஜில் வைத்து, இரண்டு வாரம் கழித்துத் திறக்கலாம். ஈரக் கை கூடாது. இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

அப்படியானால் ரத்தக் கொதிப்புக்காரர் கதி? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவே, நாள் முழுக்க எல்லாவற்றிலுமாகச் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவான உப்பு. ஒரு டீஸ்பூன்கூட நிரம்பாது. ஆகவே தினம் தூர்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. டாக்டரிடம் மறைக்காமல் கேட்டேன். "வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு வட்டம், அன்றைக்கு மற்றப் பதார்த்தங்களில் உப்பைக் குறையுங்கள்" என்றார். இது இவருக்குச் சொன்னது. உங்கள் வீட்டில் இருப்பவருக்கு உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மோர்சாதத்தோடு ஒரு வட்டம். "இன்னும் ஒண்ணு கிடையாதா?" என்று கேட்பார். நான் ஜாடியை மூடிவிடுவேன். உப்பைக் குறைக்க வேண்டிய இடம் ஜாடி இல்லை, தட்டு!