“மேடையில பேரு சொல்றாங்களா?”

2021ஆம் ஆண்டு. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்கள் சாலையோரம் வரிசைகட்டி நிற்கின்றன. முறைக்காகக் காத்திருக்கும் டிரைவர்களின் செல்போன்களில் ‘என்ஜாய் எஞ்சாமி’ மாறி மாறி ஓடுகிறது. என் பெரியப்பா நின்று கேட்டார். நாற்பது வருடம் சாவுக்குப் பறையடித்த கை அவருடையது. “யாருடா எழுதனது, நம்ம புள்ளையா?” என்றார். அரக்கோணத்துக்காரர், பெயர் அறிவு என்றேன். அடுத்து அவர் கேட்டது ஒன்றுதான்: “மேடையில பேரு சொல்றாங்களா?”

“சொல்றாங்க பெரியப்பா” என்றேன். அந்தப் பதிலைச் சில மாதங்களிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அறிவு தனியாக முளைத்தவர் அல்ல; ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவிலிருந்து வந்தவர். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. 19 கலைஞர்கள். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். பறையும் சட்டியும் கட்டமோளமும் கிதாருக்குப் பக்கத்தில், அதற்குச் சமமாக. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பாடியது இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் ஆணவக்கொலையையும்.

அந்த மேடை செய்த முக்கியமான காரியம் பாட்டில் மட்டும் இல்லை. வடசென்னையின் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடியவர்களை, ‘யாரோ கானா பசங்க’ என்று கடந்துபோகப்பட்டவர்களை, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நிறுத்தியது. நாட்டுப்புற இசையை எடுத்து நவீனப்படுத்திய குழுக்கள் முன்பும் இருந்தன, இனியும் வரும். அந்த இசையை உண்டாக்கியவர்கள் தாங்களே வந்து, தங்கள் பெயரோடும் அரசியலோடும் நின்றதுதான் இங்கே புதிது.

‘நாட்டுப்புறம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பறையடித்தவரைத் தீண்டத்தகாதவர் என்றது இந்தச் சமூகம். பறையிலிருந்து பிறந்த ‘பரையா’ என்ற சொல் ஆங்கில அகராதியில் இன்றும் ‘விலக்கப்பட்டவன்’ என்ற பொருளோடு உட்கார்ந்திருக்கிறது. அதே பறையை ஏ.சி. அரங்குக்குள் கொண்டுவரும்போது மட்டும் அது ‘மண்ணின் இசை’, ‘கிராமியக் கலை’ ஆகிவிடுகிறது. மண் அடித்ததா பறையை? கிராமம் அடித்ததா? ஊருக்கு வெளியே ஒதுக்கிவைக்கப்பட்ட தெருவிலிருந்து ஒரு மனிதர் வந்து அடித்தார். அவருடைய சாதியைச் சொல்லக் கூச்சப்படும் சொல் கடைசியில் அவருடைய பெயரையும் சேர்த்தே விழுங்குகிறது.

நான் படித்த கல்லூரியில் ஒரு கலைவிழா. கிதார் வாசித்த மாணவரின் பெயர், துறை, ஆண்டு எல்லாம் மைக்கில் வந்தது. எங்கள் ஊரிலிருந்து போன ஏழு பேரும் ‘அடுத்து நாட்டுப்புறக் குழுவினர்’ ஆனார்கள். கைதட்டல் என்னவோ எங்களுக்குத்தான் அதிகம்.

எஞ்சாமிக்கு வருவோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்தது அந்தப் பாட்டு. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் அவர் முகம் இல்லை. இரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழா: பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. சில நாட்களில் தன் உழைப்பைத் தானே பட்டியலிட்டு எழுத வேண்டிய நிலை அவருக்கு. அறிவுக்குரிய அங்கீகாரத்தைத் தாங்கள் மறைக்கவில்லை என்று பாடகி தீயும் சந்தோஷ் நாராயணனும் விளக்கம் தந்தார்கள். 2024இல் அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார் சந்தோஷ் நாராயணன். தனிமனிதர்களின் நோக்கத்தை நான் விசாரிக்கவில்லை. என் கேள்வி வேறு: ஒவ்வொரு முறையும் ‘தற்செயலாக’ விட்டுப்போவது ஏன் ஒரே பக்கத்துப் பெயராக இருக்கிறது?

உலகத்துக்கே இது பழைய கதை. ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை 1952இல் முதலில் பதிவுசெய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண். 1956இல் எல்விஸ் பாடினார். உலகம் அதை எல்விஸின் பாட்டாகவே நினைவில் வைத்திருக்கிறது.

“பாட்டைப் பாட்டாகக் கேளுங்கள், இசைக்கு ஏது சாதி?” என்று சில நண்பர்கள் கேட்பார்கள். சரி, இசைவாணியின் பாட்டைப் பாட்டாகக் கேட்டார்களா? 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற கானா பாடகி அவர். கோயில் நுழைவில் பெண்களின் உரிமையைக் கேட்டு இந்தக் குழுவின் மேடையில் பாடிய பாட்டுக்காக, ஆறு ஆண்டுகள் கழித்து 2024 நவம்பரில் அவர்மீது புகார்களும் மிரட்டல்களும் வந்தன. பாடியவர் யார் என்று பார்த்துத்தான் கல்லெறிகிறார்கள். பாராட்டும்போது மட்டும் யாரென்று பார்க்கக் கூடாதாம்!

‘சுயாதீன இசை’ என்று கொண்டாடுகிறோம். எதிலிருந்து சுயாதீனம்? சினிமாவிலிருந்து விடுபட்டு வேறொரு முதலாளியின் ஒப்பந்தத்துக்குள் போவது சுயாதீனம் ஆகாது. பெயர், காப்புரிமை, கூலி மூன்றும் கலைஞர் கையில் இருப்பதே சுயாதீனம். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பத்மஸ்ரீ ஆயிரம் பெயரற்றவர்களுக்கு ஈடாகாது.

தோழர்களே, ஸ்டேட்டஸில் எஞ்சாமி வைத்த நாம் என்ன செய்கிறோம்? கருத்தரங்கத் தொடக்கத்துக்குப் பறை வேண்டும் என்று போன் செய்கிறோம். பேச்சாளருக்கு ரயில் டிக்கெட், சால்வை, அழைப்பிதழில் பட்டத்தோடு பெயர். பறையடிப்பவர்களுக்கு ‘பறையிசை’ என்று ஒற்றை வரி, போகும்போது கையில் கொஞ்சம் பணம். ஆதிக்க சாதி ஊர்க்காரர் செய்ததிலிருந்து இது எந்த இடத்தில் மாறுகிறது?

வரும் ஏப்ரல் 14க்குச் சுவரொட்டி அச்சடிக்கும்போது அடிப்பவர்கள் அத்தனை பேரின் பெயரையும் போடுங்கள். கூலியை முன்னமே பேசி, முழுதாகக் கொடுங்கள். மைக்கில் ஒவ்வொருவராக அழையுங்கள். என் பெரியப்பாவின் கேள்விக்கு நான் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் உங்கள் கையிலும் இருக்கிறது.