வர்ணத்துக்கு அடியில் இருக்கும் துரு

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் பந்தயத் தளம் வரும் முன், கார்ப் பந்தயங்கள் சோழவரத்தில் நடந்தன. அக்காலத்துப் பந்தயக் கார் ஒன்று கொட்டகையில் கிடந்து இன்று விலைக்கு வந்தால், நாம் எதைப் பார்த்து மதிப்பிடுவது? அடிச்சட்டத்தைத் துரு அரித்திருக்கிறதா, என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா, இல்லாத பாகங்கள் கிடைக்குமா என்பவற்றைத்தான். சீர்செய்தபின் பெறும் விலையில் சீரமைப்புச் செலவு போக மிஞ்சுவதே அதன் இன்றைய மதிப்பு.

இதையெல்லாம் வாங்குபவரே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விற்பவர் இருந்துவிட முடியாது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காத வியாபாரியைக் கண்டித்தார்கள். துருவின்மேல் வர்ணம் பூசி விற்பதும் அந்த ஈரத்தை மறைப்பதே. குறையை நாமே முதலில் காட்டுவோம். விலை இறங்கினாலும், அந்தப் பணத்தில் நம் பிள்ளைகள் உண்பது ஹலாலான சோறாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.