துடைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு



சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் வைகறையில், என் தங்கை மகனுடன் வேடந்தாங்கல் சென்றிருந்தேன். எங்கள் உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே, இன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அந்த ஏரியை அறியாதார் யார்? பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும் உரிமையை 1798-இலேயே ஆட்சியர் லயனல் பிளேஸிடம் கேட்டுப் பெற்றவர்கள் அவ்வூர் மக்கள். 2022-இல் ராம்சர் பட்டியலிலும் அவ்வேரி இடம்பெற்றது.

நீர் நடுவே மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகளைக் கரையில் நின்றுதான் காண இயலும். ஆகவே படம் எடுப்போர் 'டெலி லென்ஸ்' எனும் தொலைவில்லையை நாடுகின்றனர். அவனும் பொழுது புலரும் மங்கலில், ஐ.எஸ்.ஓ. எண்ணை 6400-க்கு உயர்த்தி, பறந்து வந்த கூழைக்கடா ஒன்றைப் படம் பிடித்தான்.

வீடு திரும்பிக் கணினியில் பார்த்தால், படமெங்கும் மணல் தூவியது போன்ற பொட்டுகள். 'நாய்ஸ்' என்று ஒளிப்படக் கலைஞர்கள் சொல்லும் இரைச்சல் இதுவே. அவன் திருத்து மென்பொருளில் இரைச்சல் நீக்கும் அளவை இறுதிவரை நகர்த்தினான். "பாருங்கள் மாமு, பளிங்கு போல் ஆகிவிட்டது!" என்று மகிழ்ந்தான்.

நான் உற்று நோக்கினேன். பளிங்குதான், ஆனால் அலகில் புள்ளிகளைக் காணோம்! மேலலகின் ஓரமாக வரிசையிட்ட கரும்புள்ளிகளே நம் நாட்டுக் கூழைக்கடாவின் அடையாளம். கல்லூரிக் கண்காட்சியில் பறவையின் பெயரெழுதி வைக்க வேண்டிய படம் அது. பெயருக்குச் சான்றான புள்ளிகளையே துடைத்துவிட்டு, கீழே பெயரை எழுதி என்ன பயன்?

இரைச்சல் எதனால் தோன்றுகிறது? முற்றத்தில் ஒரே அளவான இரு கிண்ணங்களை வையுங்கள். தூறலில் ஒன்றில் ஒன்பது துளிகளும் மற்றொன்றில் பதின்மூன்று துளிகளும் விழக்கூடும். பெருமழையிலோ இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. ஒளியும் துளித்துளியாகவே வருகிறது. ஒரு புள்ளியில் 10,000 ஒளித்துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100 அளவே. அதாவது நூற்றுக்கு ஒன்று. 100 துகளே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அதாவது நூற்றுக்குப் பத்து!

ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுவதால் ஒளி கூடுவதில்லை. கிடைத்த சிறிதளவு ஒளி பெருக்கிக் காட்டப்படுகிறது, அவ்வளவே. எண் 100-இல் எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால், 6400-இல் பதிவாகும் ஒளி 64-இல் ஒரு பங்கு. எளிய விலைத் தொலைவில்லைகளின் துவாரம் குறுகியது. பறக்கும் பறவைக்கோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவான நேரமே திறக்க முடியும். இரைச்சல் வராமல் எப்படி இருக்கும்?

ஆகவே திருத்துவோர் சில முறைகளைக் கைக்கொள்வது நலம். முதலாவதாக, படத்தை 'ரா' கோப்பாகப் பதிவு செய்ய வேண்டும். கேமரா தானே துடைத்துச் சுருக்கும் ஜேபெக் கோப்பில் இழந்தது மீளாது. அடுத்து, கூர்மை கூட்டுமுன் இரைச்சலைக் குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பொட்டுகளும் கூர்மை பெறும். அதிலும் சிவப்பும் பச்சையுமாய்த் தோன்றும் வண்ண இரைச்சலை முதலில் நீக்கலாம். நுண்ணிய வண்ண வேறுபாட்டை நம் கண் அவ்வளவாக உணராததால் இழப்பு குறைவு. வெளிச்ச இரைச்சலையோ சிறுகச் சிறுகவே குறைக்க வேண்டும். இறகின் கோடும் அலகின் புள்ளியும் அதனுள்தான் கலந்திருக்கின்றன. வானத்தையும் நீரையும் தனியே தெரிவு செய்து நன்றாகத் துடைக்கலாம். பறவையின் மேல் கை மென்மையாக இருக்கட்டும். படத்தின் நீள அகலங்களைப் பாதியாக்கினால் நான்கு புள்ளிகள் ஒன்றாகி, இரைச்சலும் ஏறத்தாழப் பாதியாகும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டும் இரைச்சலை நீக்குகின்றனர். அடோபியின் லைட்ரூம் மென்பொருளில் 2023-இல் இவ்வசதி வந்தது. அதன் திறன் வியப்புக்குரியது. எனினும் அது பல்லாயிரம் படங்களில் பயின்றதைக் கொண்டு ஊகிக்கிறது. ஒளியே பதிவாகாத இடத்தில், இல்லாத இறகையும் அழகாக வரைந்துவிடக்கூடும். ஆகவே மூலப் படத்தை அழிக்காமல் வைத்து, இரண்டையும் அருகருகே பெரிதாக்கி ஒப்பிடுவது கட்டாயம்.

தங்கை மகன் மூலத்திலிருந்து மீண்டும் தொடங்கினான். வானம் தெளிந்தது, பறவையின் மேல் சிறிது மணல் எஞ்சியது, அலகில் புள்ளிகள் திரும்பி வந்தன. அந்தப் படத்தையே கண்காட்சிக்குக் கொடுத்தான்.

பறவைக்கு மட்டுமா இது? இரவுத் திருமண விருந்தில் நம் கைபேசி எடுக்கும் படங்களையும் அது கேளாமலே துடைக்கிறது. பாட்டியாரின் முகச் சுருக்கங்கள் மறைந்து மெழுகுப் பொம்மையாகிவிடுகிறார். நாளை பேரப் பிள்ளைகள் காணப் போவது எந்த முகத்தை?

படம் என்பது ஒரு சாட்சி. சாட்சி சொல்பவர் கண்டதைக் கூட்டியும் சொல்லலாகாது; குறைத்தும் சொல்லலாகாது. கண்ணாடியின் தூசியைத் துடைப்போம். அதில் தெரியும் முகத்தைத் துடைக்க வேண்டாம்.