சந்தி ஊரும் மெய்நிகர் ஸ்விட்சும்

மைசூரிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பந்திப்பூர்க் காட்டினூடே கூடலூர் வழியாக உதகைக்குச் செல்கின்றது. மற்றொன்று சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டை அடைகின்றது. இவ்விரு சாலைகளிலும் காட்டுப் பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் செல்லலாகாது என 2009ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. அதனைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2010இல் உறுதி செய்தது. நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்சு வண்டிகளுக்கும் ஒரு சில பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. இவ்விதியை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. எனினும் ஒன்று தெளிவு: எந்த வண்டி நிற்கும், எது செல்லும் என்பதை வண்டியோட்டிகள் முன்கூட்டியே அறிவர். விதி பலரறிய இருப்பதனாலேயே அதனைப் பற்றி வாதிடவும் இயலுகின்றது.

அதே ஊரின் வருவாய்த்துறைப் பணிகளும் ஒரு சந்தியைக் கடந்தே நடைபெறுகின்றன. அச்சந்தி கண்ணுக்குப் புலப்படுவதன்று. கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டத்தின்கீழ், 67 இலட்சம் நிலவுடைமையாளரின் ஏறத்தாழ 2 கோடி நிலப் பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டன. 2002ஆம் ஆண்டிற்குள் 177 தாலுகாக்களிலும் பஹணிப் பத்திரம் கணினி வாயிலாக வழங்கப்படலாயிற்று. தொடக்கத்தில் அந்தந்தத் தாலுகாவின் பதிவுகள் அந்தந்த அலுவலகத்துக் கணினியிலேயே இருந்தன. பின்னர் அவை பெங்களூரிலுள்ள தரவு மையத்துடன் இணைக்கப்பட்டன. ஆகவே பயிர்க்கடனுக்காகப் பஹணி வேண்டி நிற்கும் செண்டுமல்லி விவசாயியின் வேண்டுகோள், இன்று நெடுந்தொலைவு சென்று மீள வேண்டியுள்ளது.

இத்தகைய தரவு மையங்களில் ஒரு துறைக்கு ஒரு கணினி என்னும் பழைய ஏற்பாடு மறைந்து வருகின்றது. ஆற்றல் மிக்க ஒரே சேவையகக் கணினியில், ஹைப்பர்வைசர் எனப்படும் மேற்பார்வை மென்பொருளின் துணையால், பல மெய்நிகர்க் கணினிகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினியாகவே கருதிச் செயற்படும். மைய அரசு 2013இல் வகுத்த ‘மேகராஜ்’ திட்டமும் இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. இதனால் மின்சாரமும் இடமும் பொருளும் மிச்சமாகின்றன என்பதில் ஐயமில்லை.

ஆனால் பல கணினிகள் ஒன்றினுள் குடியேறும்பொழுது, அவை அனைத்திற்கும் வெளியே செல்லும் வழி ஓரிரு கம்பிகளே. அவ்வழியைக் காப்பது மெய்நிகர் ஸ்விட்ச். முன்னர்த் தனிப் பெட்டியாக இருந்து, செய்திப் பொட்டலங்களை உரிய வாயிலுக்குத் திருப்பிவிட்ட கருவியின் வேலையை, இன்று சேவையகத்தினுள் இயங்கும் ஒரு நிரல் செய்கின்றது. ஒரே சேவையகத்திலுள்ள இரு மெய்நிகர்க் கணினிகள் தமக்குள் உரையாடினால், அப்பொட்டலம் கம்பியைத் தொடாமலேயே நினைவகத்தின் வழியே கைமாறிவிடும். வெளியே செல்ல வேண்டியவை மட்டுமே வாயிலில் வரிசை நிற்கும். 2009இல் வெளியான ‘ஓப்பன் வீஸ்விட்ச்’ என்னும் இவ்வகை நிரல், யாவரும் பார்வையிடத்தக்க திறந்த மூலமுடையது. 2012இல் அதன் ஒரு பகுதி லினக்ஸின் மையப் பகுதியிலேயே சேர்க்கப்பட்டது.

அவ்வரிசையில் நிற்போர் யாவர் என்பதை ஆராய வேண்டும். ஒன்று, பஹணி போன்ற பொதுமக்கள் வேண்டுகோள்; அது அளவிற் சிறியது, ஆயின் காத்திருக்க இயலாதது. மற்றொன்று, பதிவுகளை நகலெடுத்துக் காக்கும் பணி. அது மிகப் பெரியது, ஆயின் இரவிலும் நடைபெறலாம். மூன்றாவது, இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர்க் கணினியை ஒரு சேவையகத்திலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்க்கும் பணி. 16 ஜிகாபைட் நினைவகமுடைய ஒரு மெய்நிகர்க் கணினியைப் பெயர்க்க 128 ஜிகாபிட் செய்தி செல்ல வேண்டும். விநாடிக்கு 1 ஜிகாபிட் செல்லும் கம்பியில் அதற்குக் குறைந்தது 128 விநாடிகள் ஆகும். அவ்விரண்டு நிமிடங்களும் கம்பி முழுவதையும் அப்பணியே கவர்ந்துகொண்டால், சிறு வேண்டுகோள்கள் வாயிலிலேயே தேங்கும். முகப்பில் நிற்கும் எழுத்தர் ‘சர்வர் இல்லை’ என்பார். உண்மையில் சேவையகம் நலமாகவே இருக்கும், பங்கீடே பழுதுபட்டிருக்கும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் ஸ்விட்சினுள்ளேயே உள்ளன. முதலாவது உச்சவரம்பு: இன்ன பணி இவ்வளவிற்கு மேல் செல்லலாகாது என்பது. இரண்டாவது உறுதியளவு: இன்ன பணிக்கு இவ்வளவேனும் எப்பொழுதும் கிடைக்கும் என்பது. மூன்றாவது விகிதப் பங்கு. விநாடிக்கு 10 ஜிகாபிட் செல்லும் வழியில் மக்கள் சேவைக்கு 5, பெயர்ப்புப் பணிக்கு 3, நகலெடுப்பிற்கு 2 எனப் பங்கு வகுத்தால், மூன்றும் ஒருங்கே நெருக்கும்பொழுது அவ்வளவே கிடைக்கும். பெயர்ப்புப் பணி இல்லாத வேளையில் அதன் பங்கு வீணாகாது. மற்ற இரண்டும் 5க்கு 2 என்னும் விகிதத்தில் பகிர்ந்து, முறையே ஏறத்தாழ 7.1, 2.9 ஜிகாபிட் பெறும். உச்சவரம்பை மட்டும் விதித்தாலோ, வழி வெறுமையாய்க் கிடக்கும்பொழுதும் பணிகள் காத்திருக்க நேரும். ஆதலின் மக்கள் சேவைக்கு உறுதியளவும், ஏனையவற்றிற்கு விகிதப் பங்கும் வகுப்பதே நன்று.

கம்பியை அகலமாக்கிவிட்டால் இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்போர் உண்டு. அகலப்படுத்துவது வேண்டியதே. ஆனால் நகலெடுப்பும் பெயர்ப்பும் கிடைத்த அகலம் முழுவதையும் நிரப்பும் இயல்பின; வழி பத்து மடங்கு விரிந்தாலும் அவை விரைவில் முடியுமேயன்றி, முடியுமளவும் பிறர்க்கு இடம் விடா. மேலும் இடர் மையத்தில் மட்டும் இல்லை. 2005இல் ஒப்புதல் பெற்ற மாநிலப் பெருவலைத் திட்டத்தில், தலைநகரிலிருந்து மாவட்டம் வழியாக வட்டார நிலை வரையில் குறைந்த அளவாகக் குறிக்கப்பட்டது விநாடிக்கு 2 மெகாபிட். அவ்வளவேயுள்ள ஒரு வழியில் 10 மெகாபைட் கோப்பு ஒன்று செல்ல 40 விநாடிகள் ஆகும். ஒரே அலுவலகத்தில் நால்வர் அத்தகைய கோப்புகளை ஒருங்கே வேண்டினால், ஐந்தாமவரின் பஹணி என்னாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இங்கே மெய்நிகர் ஸ்விட்சின் எல்லையையும் உணர்தல் வேண்டும். தன் வாயிலிலிருந்து வெளியேறுவதை அது செவ்வனே ஒழுங்குபடுத்தும். வழியின் நடுவே நேரும் நெரிசலை அது தனித்து நீக்காது. பொட்டலத்தின் தலைப்பில் சேவை வகுப்பைக் குறிக்க 6 பிட் இடம் உண்டு. அதில் 64 வகுப்புகள் வரை குறிக்கலாம். ஸ்விட்ச் இடும் அக்குறியை மாவட்ட, தாலுகாக் கருவிகளும் மதித்தாலன்றிப் பயனில்லை. மையத்தில் முன்னுரிமை பெற்ற பஹணி, தாலுகாவின் குறுகிய வாயிலில் மற்றவற்றோடு கலந்து நின்றால், முன்பட்ட பாடு வீணே.

ஆகவே இது பொறியாளர் தனித்து முடிவு செய்யும் அமைப்பு மட்டுமன்று. ஆட்சிமுறை சார்ந்த வினாவுமாகும். எந்தப் பணி முந்த வேண்டும் என்பதை நிரல் அறியாது. மனிதரே அதனைச் சொல்ல வேண்டும். அதனை எவரும் சொல்லாதவிடத்து ஒரு விதியும் இல்லை என்று எண்ணுவது பிழை. மிகுதியாக அனுப்புவோர்க்கே மிகுதி என்பது அங்கே எழுதப்படாத விதியாகிவிடுகின்றது. காட்டுச் சாலையின் விதி பலரறிய நிற்பது போலவே, மக்கள் சேவைக்கு ஒதுக்கப்பட்ட உறுதியளவும், நகலெடுப்பிற்குரிய நேரமும் எழுத்தில் வகுக்கப்பட்டு, தாலுகா அலுவலகங்களுக்கு அறிவிக்கப்படுதல் வேண்டும். விதியை வெளியிட்டால் பாதுகாப்புக் குன்றும் என்பது ஏற்கத்தக்கதன்று. பங்கின் அளவை அறிவிப்பது பூட்டின் திறவுகோலைக் கொடுப்பதாகாது.

களப்பணியாளர் இதில் செய்யத்தக்கது பெரிது. ‘வேகம் இல்லை’ என்னும் முறையீடு எவருக்கும் வழிகாட்டாது. வேண்டுகோள் அனுப்பிய நேரம், விடை வந்த நேரம், அவ்வேளையில் அலுவலகத்தில் நடைபெற்ற பிற பணிகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வந்தால், இடர் தாலுகாவின் வழியிலா மையத்தின் வாயிலிலா என்பது சில வாரங்களில் புலனாகும். ஒவ்வொரு நாளும் ஒரே மணியளவில் எல்லாத் தாலுகாக்களிலும் தாமதம் நேர்ந்தால், மையத்தை ஆராய்தல் தகும்; ஒரு தாலுகாவில் மட்டும் நேர்ந்தால், அங்குள்ள இணைப்பை ஆராய்தல் தகும்.

ஆசிரியர்கள் இக்கொள்கையைக் கணினியின்றியே வகுப்பில் காட்டலாம். ஒரு குவளையில் பத்துப் புளியங்கொட்டைகளே இருக்கலாம் என்று வரம்பிட்டு, ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் இரண்டு கொட்டைகள் இடவேண்டும். சீட்டு அனுப்பும் மாணவன் சீட்டு ஒன்றிற்கு ஒரு கொட்டை எடுக்க வேண்டும். கொட்டை இல்லையேல் காத்திருக்க வேண்டும். சற்று ஓய்ந்திருந்தவன் சேர்ந்த கொட்டைகளைக் கொண்டு பத்துச் சீட்டுகளை ஒருங்கே அனுப்பலாம். ஆயினும் நெடுநேரச் சராசரி எண்ணிக்கைக்கு இரண்டைத் தாண்டாது. ஸ்விட்சுகள் பட்டை அகலத்தை, அதாவது ஒரு விநாடியில் செல்லும் செய்தியளவை, கட்டுப்படுத்தும் முறைகளுள் பெரிதும் கையாளப்படுவது இதுவே.

அறிவியல் பல கணினிகளை ஒன்றினுள் அடக்கியது. அதனால் பல துறைகளின் தேவைகளும் ஒரே வாயிலில் நெருங்கி நிற்கின்றன. அவ்வாயிலில் முந்துரிமை யாருக்கு என்பது முகப்பில் காத்து நிற்கும் விவசாயியும் அறியத்தக்க செய்தியாக வேண்டும்.