பூஜ்யமும் காலிக் கட்டமும்

நம்மூர்ப் பகுத்தறிவுவாதிகளுக்கும் மிஷனரிகளுக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. ஐரோப்பாவில் கடவுள் இல்லாத தேசம் எது என்றால் இரு சாராரும் செக் குடியரசு என்பார்கள். முன்னவர்களுக்கு அது சாதனை. பின்னவர்களுக்கு அது நோய். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே புள்ளிவிவரத் தாள். இரண்டு பேருமே அதைத் தப்பாகப் படிக்கிறார்கள் என்பது என் கட்சி.

பயணத்தின் நடுவே மொராவியாவில், ஃபுல்னெக்குக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்று நாள் தங்கினேன். கல்லூரியில் என்னோடு ஆங்கில இலக்கியம் படித்த பாளையங்கோட்டை நண்பன் அங்கே மனைவியோடு ஊழியம் செய்கிறான். அருமையான மனிதர்கள். எனக்காக ரசம் வைத்தார்கள். என் நம்பிக்கையின்மை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சண்டை அவர்களோடு அல்ல, அவர்கள் கையாளும் ஒரு சொல்லோடு.

தன்னை அனுப்பிய ஸ்தாபனத்துக்கு எழுதிய வருஷ அறிக்கையின் ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொன்னான் நண்பன். அதில் அந்த ஊரை ‘ஆவிக்குரிய பாலைவனம்’ என்று எழுதியிருந்தான். கீழே ஒரு பட்டியல். கூட்டத்துக்கு வருகிறவர்கள் 9. இரட்சிக்கப்பட்டவர்கள் 0. “நாப்பது வருஷக் கம்யூனிசம்டா. எல்லாத்தையும் காய வச்சுட்டான்” என்றான்.

அந்த ஒன்பது பேரில் ஒரு கிழவியை நானே பார்த்தேன். வாரம் தவறாமல் வருகிறாளாம். கேக் கொண்டுவருகிறாள், பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறாள், ஜெபம் தொடங்கும்போது எழுந்து போய்விடுகிறாள். நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, “அது என் விஷயம்” என்றாளாம். பட்டியலில் அவள் பூஜ்யம்.

நான் வங்கிக் குமாஸ்தா. காலியாக விட்ட கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் சாயங்காலம் கணக்கு நேராகாது. 2021ஆம் வருஷத்து செக் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்வது கட்டாயமில்லை. மதம் இல்லை என்றவர்கள் சுமார் 48 சதவீதம். பதிலே சொல்லாதவர்கள் சுமார் 30 சதவீதம். நம்பிக்கை உண்டு, எந்தச் சபையிலும் இல்லை என்றவர்கள் 9 லட்சத்து 60 ஆயிரம் பேர். மூன்றையும் கூட்டி ‘நாத்திகம்’ என்ற தலைப்பில் போடுவது மோசடிக் கணக்கு.

அந்த 30 சதவீதம் ஏன் வாய் திறக்கவில்லை? அந்த மண்ணில் இந்தக் கட்டத்தை நிரப்பியவன் அதற்கு விலை கொடுத்திருக்கிறான். 1415ல் யான் ஹுஸ் கான்ஸ்டன்ஸில் உயிரோடு எரிக்கப்பட்டார். 1620ல் வெள்ளை மலைப் போரில் புராட்டஸ்டண்டுகள் தோற்றார்கள். ஹாப்ஸ்பர்க் அரசு 1627ல் பொஹீமியாவிலும் 1628ல் மொராவியாவிலும் கத்தோலிக்கம் தவிர வேறு கிறிஸ்தவம் கூடாதென்று சட்டம் போட்டது. பாவசங்கீர்த்தனம் செய்ததற்குச் சீட்டு காட்ட வேண்டும். ஃபுல்னெக்கில் போதகராயிருந்த கொமேனியஸ், நவீனக் கல்விச் சிந்தனையின் தந்தை எனப்படுகிறவர், ஊரை விட்டு ஓடி ஒளிந்தார். பிறகு நாட்டை விட்டே போய் 1670ல் ஆம்ஸ்டர்டாமில் செத்தார். 1781ல் சகிப்புச் சட்டம் வந்தது. லூதரன், கால்வினிஸ்ட் என்று புராட்டஸ்டண்டுகளுக்கு இரண்டே கட்டங்கள். ஹுஸ் வழிவந்த சகோதர சபைக்குக் கட்டமே இல்லை. தலைமுறைகளாக ரகசியமாக ஜெபித்தவர்கள் தங்களுடையதல்லாத பெயரில் பதிவு செய்துகொண்டார்கள்.

1918ல் ஹாப்ஸ்பர்க் ஆட்சி ஒழிந்ததும் சில வருஷங்களுக்குள் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கத்தோலிக்கச் சபையை விட்டு வெளியேறினார்கள். கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தது 1948ல்தான். 1950 ஏப்ரலில் அவர்கள் துறவு மடங்களை இரவோடு இரவாக மூடினார்கள். கோவிலுக்குப் போகிறவனின் பிள்ளைக்கு மேற்படிப்பு சந்தேகமாயிற்று. ஆக, மதத்தின் பெயரால் வந்தவனும் மதத்தை ஒழிக்க வந்தவனும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்: நீ எந்தக் கட்டம்? அந்தக் கிழவியின் பதிலில் நானூறு வருஷ அனுபவம் இருக்கிறது.

நமது பகுத்தறிவாளருக்கும் இது புரியாது. ஸ்தாபனத்தை உதறியவன் நம்பிக்கையையும் உதறியவன் என்பது அவர் சூத்திரம். கோவிலை ஏசிய சித்தர்களைப் பற்றி 1973லேயே ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியவர் பிராகில் பிறந்த கமில் ஸ்வெலபில். நம்முடைய காலிக் கட்டத்தை அவர்கள் ஆள் படித்துச் சொன்னார். அவர்களுடையதை நாம் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறோம்.

நண்பனே என்னை ஃபுல்னெக்குக்கு அழைத்துப் போனான். கொமேனியஸ் போதித்த சிறிய ஜெபவீடு இப்போது நினைவிடம். வாசலில் நின்று ஒரு விஷயம் சொன்னேன். அந்த வட்டாரத்திலிருந்து எல்லை தாண்டிப் போன அகதிகள் 1722ல் சாக்சனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரை உண்டாக்கினார்கள். அங்கிருந்து கிளம்பிய மிஷனரிகள் 1760ல் நம் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். பலர் அங்கேயே மண்ணுக்குள் போனார்கள். மனம் திரும்பியவர்கள் மிகச் சிலர். “அப்போ தரங்கம்பாடியும் பாலைவனமாடா?” என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

இரவு, அந்தச் சொல்லை அடித்துவிட்டு வேறென்ன எழுதுவது என்று கேட்டான். காலியாக விடு என்றேன். மறுநாள் அறிக்கை பாலைவனத்தோடுதான் போயிற்று. பணம் அனுப்புகிறவர்கள் பாலைவனத்துக்கு அனுப்புவார்கள். காலிக் கட்டத்துக்கு எவனும் அனுப்பமாட்டான்.