மாவு நைஸ், மாப்பிள்ளை?

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்துப் பேரருவிக் கரையில் அரை மணி நேரம் நின்றால் போதும். ‘நைஸ்’ என்ற சொல் சாரலைப் போலவே விழுந்துகொண்டிருக்கும். பற்கள் தந்தியடிக்க அருவியிலிருந்து வெளியே வருகிறவர், “நைஸ்!” என்கிறார். சுடச் சுட மிளகாய் பஜ்ஜியைக் கடித்தவரும், “நைஸ்!” என்கிறார். சித்திர சபையின் ஓவியங்களை ஒரு சுற்றுப் பார்த்து வந்த மாமியும் அதையே சொல்கிறார். அருவிக்கும் பஜ்ஜிக்கும் நடராஜப் பெருமானின் சபைக்கும் ஒரே ஸர்டிபிகேட்!

இந்தச் சொல்லின் ஜாதகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். ‘அறியாதவன்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்தான் அதன் மூலம். பிரெஞ்சு வழியாக, சுமார் எழுநூறு வருஷங்களுக்கு முன் அது இங்கிலீஷுக்குள் நுழைந்தபோது, ஒருவரை ‘நைஸ்’ என்றால் அவர் முட்டாள் என்று அர்த்தம்! பிறகு, எதிலும் குறை காணும் நாசூக்குக்காரர் என்று ஆயிற்று. அப்புறம் நுணுக்கமான, துல்லியமான என்று ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிய’ என்ற பொருள் ஊன்றிக்கொண்டது. அதே பாஷையில் ‘ஸில்லி’ என்ற சொல் நேர் எதிர்த் திசையில் பிரயாணம் செய்திருக்கிறது. அன்று பாக்கியவான், இன்று அசடு. நம்மிடமும் ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணமாகத்தான் இருந்தது. இன்று மனைவியின் மல்லிகைப் பூவைப் பார்த்து அந்தச் சொல்லைப் பிரயோகித்தால் என்ன நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

கண்டதற்கெல்லாம் ‘நைஸ்’ போடுவதை ஆங்கிலேயரே கேலி செய்திருக்கிறார்கள். ஜேன் ஆஸ்டின் அம்மையார் காலமான 1817-ஆம் வருஷக் கடைசியில் வெளியான ‘நார்தாங்கர் அபே’ என்ற நாவலில், ஒரு பெண் தனக்குப் பிடித்த புத்தகத்தை அப்படிப் புகழ்கிறாள். கதாநாயகன் விடுவானா? பைண்டிங் நேர்த்தியாக இருப்பதைச் சொல்கிறாயோ என்று மடக்குகிறான். கொஞ்சம் வாய்த்துடுக்குதான். ஆனாலும் கேள்வி நியாயமானது.

உண்மையில் அது ஒரு மிதமான சொல். காபி, வானிலை, பக்கத்து வீட்டாரின் உபசாரம் இவற்றுக்கெல்லாம் பொருத்தம். கச்சேரி முடித்து இறங்கும் வித்வானிடம் சொன்னாலோ, ‘ஏதோ பரவாயில்லை’ என்றது போல் ஆகிவிடும். குரலைக் கொஞ்சம் இழுத்தால் வசவாகவும் மாறும். “நன்றாயிருக்கிறது உன் காரியம்!” என்று நாம் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

பொங்குமாகடலில் விழுந்து, பொங்கி, மறுபடி கீழே பாயும் பேரருவிக்கு இந்த மிதம் எப்படிப் போதும்? பக்கத்து மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில், வசந்தவல்லி குறத்தியிடம் மலை வளம் கேட்கிறாள். ‘நல்ல மலை, அம்மா’ என்று சொல்லிவிட்டுக் குறத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சுவதைச் சொல்கிறாள். அருவியின் அலை வானம் வரை எழும்பிச் சூரியனுடைய தேரே வழுக்குகிறது என்கிறாள்! குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. அவர்களும் அப்படித்தான். ஒரு பாட்டை எடுத்தால் அடி அடியாக நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லி, சுவை எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டாமல் விடமாட்டார்.

தென்காசி வீடுகளுக்குள் ‘நைஸ்’ நுழைந்திருக்கும் விதமோ வேறு. “மதினி, மாவு நைஸா அரைச்சாச்சா?” என்றால், கொரகொரப்பு இல்லாமல் அரைத்தாயிற்றா என்று கேள்வி. சேலை நைஸ் என்றால் வழவழப்பு. இங்கிலீஷ்காரர்கள் அநேகமாகக் கைவிட்டுவிட்ட அந்த ‘நுணுக்க’த்துக்குப் பக்கத்தில் நம் ஆட்டுரல் நிற்கிறது! ஆனால் வழவழப்பு இருந்தால் வழுக்கலும் இருக்குமே? “நைஸாப் பேசிக் காரியத்தை முடிச்சுட்டான்.” “காசு கொடுக்கிற நேரத்துல நைஸா நழுவிட்டான்.”

இங்கேதான் ஆபத்து. பட்டணத்து ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் இங்கிலீஷ் நினைப்பில், “ரொம்ப நைஸான பையன்” என்று மனமாரப் புகழ்கிறார். செய்தி தென்காசிக்குப் போகிறது. “நைஸான பயலா? அப்பம் நமக்கு வேண்டாம்ல” என்று பாட்டி வெற்றிலையை மடித்துவிட்டால், ஒரு சம்பந்தமே போயிற்று! பையன் தங்கமானவனாக இருந்தும் என்ன பிரயோஜனம்?

‘நல்ல பையன்’ என்றே சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கத்தில் ஒரு ஊருக்கே நன்னகரம் என்றுதானே பெயர்? ஆனால் ‘நல்ல’வும் லேசுப்பட்டதல்ல. நல்லெண்ணெய், நல்ல தண்ணீர் என்று சாதுவாக வந்துகொண்டே இருந்து, திடீரென்று ‘நல்ல பாம்பு’ என்று படமெடுக்கும். ‘நல்ல அடி’ வாங்கியவனைக் கேட்டால் அதன் அருமை தெரியும். பாட்டியும் அத்துடன் விடமாட்டாள், “எப்படி நல்ல பையன்?” என்று அடுத்த கேள்வி வரும். தாயாருக்கு மாதா மாதம் பணம் அனுப்புகிறானா, கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிறானா, கோபம் வந்தால் என்ன செய்கிறான் என்று நாலு விஷயங்களைத் தயாராக வைத்துக்கொண்டு வாயைத் திறப்பது உத்தமம்.