எல்லாவற்றையும் சொல்லாத சிலை

“இது என்ன சிலை? கண் எங்கே, மூக்கு எங்கே?” சூலியா ஸ்திரீட்டில், ஓசிபிசி நிலையத்தின் முன் நின்று என் நண்பன் சிரித்தான். அங்கே படுத்திருப்பது ஹென்றி மூரின் வெண்கலச் சிலை. 1984ஆம் ஆண்டைச் சேர்ந்த அது 9 மீட்டருக்கும் அதிக நீளமுடையது.

லிட்டில் இந்தியாவிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயக் கோபுரச் சிற்பங்களில் அணிகலன்கள்கூட நுட்பமாகத் தெரியும். அவற்றைப் பார்த்துப் பழகிய நமக்கு இச்சிலை அரைகுறையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால், மூரின் மனத்தைக் கவர்ந்தது மெக்சிகோவின் சிச்சென் இட்சாவில் கிடைத்த ‘சாக்மூல்’ என்னும் பழங்காலக் கற்சிலை. முழங்கால்களை மடக்கி, தலையைப் பக்கவாட்டில் திருப்பிச் சாய்ந்திருக்கும் மனித உருவம் அது. அதில் நுணுக்கங்கள் குறைவு; கல்லின் கனமும் உறுதியுமே நம் கண்ணில் படும். இது திறமைக் குறைவு அன்று. எதை விட்டுவிடலாம் என்று அறிந்த தெளிவு என்பதே என் கருத்து.

கோபுரச் சிற்பம் கதை முழுவதையும் நமக்குச் சொல்கிறது. இச்சிலையோ பாதியை நம்மிடம் விட்டுவிடுகிறது. அன்று நாங்கள் இருவரும் அதைச் சுற்றி நடந்தோம். ஒரு பக்கம் மலைபோலவும் மறுபக்கம் ஓய்வெடுக்கும் தாய்போலவும் தெரிந்தது. நண்பன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

புரியவில்லை என்று ஒதுக்கும் முன், நீங்களும் ஒருமுறை சுற்றி வாருங்கள்!